சம்பளம் கணக்கிடும் நிரல் தொகுப்புக்கு (லைப்ரரி), யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற எம்ஐடி உரிமம் போட்டால் பிழைப்பு போகுமா?

டர்பன்காரன்:
போகும். நம்ம தென்னாப்பிரிக்காவின் பிஏஒய்இ (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி), யுஐஎஃப் (வேலையின்மைக் காப்பீடு), எஸ்டிஎல் (திறன் வளர்ச்சி வரி) எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவன் ஒருத்தன். அதைத் தன் மென்பொருளுக்குள் வைத்து மாதச் சந்தா வாங்குகிறவன் இன்னொருத்தன். பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் கூடவே இருந்தால் எம்ஐடிக்குப் போதும். காசும் வராது, அவன் திருத்திய நிரல் கோடும் திரும்பி வராது.

பீனிக்ஸ்_ரூட்:
அண்ணே, உரிமத்தின் மேல் ஏன் பழி? நிரலைக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம் இருக்கிறதே, அதன் மூன்றாம் பதிப்பின் 4ஆம் பிரிவே, பிரதிக்கு என்ன விலையும் வைக்கலாம், ஆதரவுக்குத் தனிக் கட்டணமும் வாங்கலாம் என்கிறது. நம்ம நாட்டு மார்க் ஷட்டில்வொர்த்தின் உபுண்டு இயங்குதளம் 2004இலிருந்து இலவசம்தான்; அவருடைய கம்பெனி கனோனிகல் ஆதரவை விற்கிறது. இங்கே வரி ஆண்டு மார்ச் 1 அன்று பிறக்கிறது, இஎம்பி201 என்கிற மாதப் பிடித்தக் கணக்குப் படிவம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும். திருத்தம் நேரத்துக்குக் கிடைக்கத்தான் கம்பெனிக்காரன் காசு கொடுப்பான்.

டர்பன்காரன்:
ஷட்டில்வொர்த் 1999இல் தன் தாவ்ட் கம்பெனியை வெரிசைன் கம்பெனிக்கு விற்ற பணத்தோடு இறங்கியவர். அவரையா உதாரணம் காட்டுவது? ஜிபிஎல்லில் விலை வைக்கலாம், சரி. முதலில் வாங்கியவன் அன்று சாயங்காலமே ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தாலும் கேட்க முடியாதே.

கேப்_நிரலி:
அதற்குத்தான் இரட்டை உரிமம். வெளியே ஜிபிஎல்லின் இன்னும் கடுமையான வடிவமான ஏஜிபிஎல், மூலத்தைத் திறந்துகாட்ட விரும்பாத கம்பெனிக்கு வணிக உரிமம். லைப்ரரியை மாற்றி இணையச் சேவையாக ஓட்டினாலும் பயனருக்கு மூலத்தைத் தர வேண்டும் என்கிறது ஏஜிபிஎல்லின் 13ஆம் பிரிவு. ஆனால் முழுப் பதிப்புரிமையும் உங்கள் கையில் இருந்தால்தான் இது நடக்கும். வெளியாள் ஒருவர் நாற்பது வரித் திருத்தம் (பேட்ச்) அனுப்பினால்கூட, உரிமையை உங்களுக்குத் தரும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் சேர்க்காதீர்கள். அந்த நாற்பது வரியை வணிக உரிமத்தில் விற்க உங்களுக்கு உரிமை இருக்காது. அடுத்தவருடைய ஜிபிஎல் லைப்ரரி ஒன்று உள்ளே புகுந்திருந்தாலும் அதே கதி.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. இங்குள்ள 1978 பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலுக்கு ஆசிரியர், அதை உருவாக்குவதைக் கட்டுப்படுத்தியவர். தட்டச்சியவரே ஆக வேண்டும் என்பதில்லை. வாடிக்கையாளர் கூடவே நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்று நடத்திய வேலை அவருடையதாகிவிடலாம். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஒரு பத்தி எழுதி வாங்குங்கள்.

பீனிக்ஸ்_ரூட்:
ஏஜிபிஎல் என்றாலே பல கம்பெனிகளின் சட்டப் பிரிவு கதவைச் சாத்திவிடும், அக்கா. யாரும் தொடாத லைப்ரரிக்கு வணிக உரிமம் யார் வாங்குவார்?

டர்பன்காரன்:
அதற்காக எம்ஐடியில் தொடங்கி, பிறகு இறுக்கலாம் என்று நினைக்காதே தம்பி. வெளியே போன பதிப்பைப் பிடுங்க முடியாது. ரெடிஸ் என்கிற தரவுத்தள மென்பொருள் 2024 மார்ச்சில், எம்ஐடி போன்ற பிஎஸ்டி உரிமத்தை விட்டது. அதே மாதம் அதன் பழைய கோடிலிருந்து வால்கி என்கிற தனி மென்பொருள் பிரிந்தது. 2025 மேயில் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் சேர்த்தது, ஆனாலும் வால்கி அங்கேயேதான் இருக்கிறது.

பீனிக்ஸ்_ரூட்:
அப்போ கணக்கு எஞ்சினை எம்ஐடியில் விட்டு, வரி அட்டவணையைச் சந்தாவுக்கு வைத்தால்?

கேப்_நிரலி:
அட்டவணையை வரித் துறையான சார்ஸே தன் தளத்தில் போடுகிறது, யார் வேண்டுமானாலும் தட்டச்சிக்கொள்வார்கள். கணக்கு சரியா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்பை விற்கலாம். 2021 ஜூனிலிருந்து யுஐஎஃப் கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு மாதம் 17,712 ரேண்ட். தொழிலாளியின் 1% பிடித்தம் 177.12இல் நின்றுவிட வேண்டும். உச்சவரம்பை மறந்த கோட் 30,000 ரேண்ட் சம்பளத்தில் 300 பிடித்துவிடும். இப்படிப்பட்ட இடங்களைப் பிடிக்கிற சோதனைகளை வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுத்தால் கம்பெனி வாங்கும். அதை எம்ஐடியில் விடாதீர்கள்.