கொக்குவில் வீட்டார் (யாழ்ப்பாணத்துக் குடும்பமொண்டின்ர அரட்டைக் குழு): படிவத்தில ஆற்ற பேர்?

சின்னம்மா: எங்கட கிராம சேவகர் விதானையார் வாக்காளர் இடாப்புப் படிவம் தந்திட்டுப் போட்டார். வெள்ளிக்கு முதல் குடுக்கோணும். ஆற்ற பேரெல்லாம் போடுறது?

கனடா அண்ணா: என்ர பேரும் இருக்கட்டும் சின்னம்மா

தங்கச்சி: நீங்க கனடா சிட்டிசன் அண்ணா

கனடா அண்ணா: வீட்டு விலாசத்தில பேர் கிடந்தா நல்லம்தானே

மாமி: காணி உறுதி வேற வாக்காளர் இடாப்பு வேற தம்பி. வளவுக் கதையை இதுக்க கொண்டு வராதேங்கோ

பெரியமாமா: பிள்ளையள் இதை வெறும் பேப்பர் எண்டு நினைக்காதேங்கோ. பாராளுமன்றத்தில 225 பேர், கட்சியளின்ர மொத்த வாக்குக்குக் குடுக்கிற 29 தேசியப்பட்டியல் போக 196 மாவட்டத்தால வாறது, அதில ஒன்பது மாகாணத்துக்கும் நாலு நாலா 36, மிச்ச 160ஐயும் பதிஞ்ச வாக்காளர் கணக்கைப் பார்த்துத்தான் பிரிக்கிறவை. 1989ல யாழ்ப்பாணத்துக்கு 11, 2010ல 9, 2015ல 7, 2024ல 6, அதுவும் கிளிநொச்சியையும் சேர்த்து. அதே 2024ல கம்பஹா 18ல இருந்து 19க்குப் போட்டுது. சனம் போகப் போக இடாப்பில பேர் குறையுது, கதிரையும் குறையுது

தங்கச்சி: மாமா வொய்ஸ்ல போடுங்கோ

கொழும்புத் தம்பி: எனக்கு வெள்ளவத்தை வீட்டுக்காரர் தன்ர விலாசத்தில பதிய வேண்டாமாம். ஊரிலயும் வெட்டினா எங்கயும் வோட் இல்லை

மாமி: போனமுறை விடிய பஸ்ஸால இறங்கி தேத்தண்ணியும் குடிக்காமப் போய்ப் போட்டவன் 😢

பெரியமாமா: அவன்ர நிலைமையை விதானையாரிட்ட நான் கதைக்கிறன்

கனடா அண்ணா: கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுத்திட்டுதோ

சின்னம்மா: அணில் விட்டாத்தானே

தங்கச்சி: கட்சிக்குப் போட்டிட்டு அதுக்குள்ள ஆக்களையும் தெரியிற விருப்பு வாக்கை நிப்பாட்டோணும் மாமா. ஒரே கட்சிக்காரரே தங்களுக்க அடிபடினம். தொகுதிக்கு ஒராள் எண்டா ஆரிட்டப் போய்க் கேக்கிறதெண்டாவது தெரியும்

பெரியமாமா: அது சரி பிள்ளை, ஆனா தனித் தொகுதிமுறை மட்டும் வேண்டாம். 1977ல யூஎன்பி, ஐக்கிய தேசியக் கட்சி, பாதிக்குச் சொட்டு மேல வாக்கெடுத்து 168ல 140 கதிரை எடுத்தது, சுதந்திரக் கட்சிக்கு நூறுக்கு 30 வாக்குக் கிட்ட விழுந்தும் 8தான். ரெண்டு முறையையும் கலந்து செய்யலாம், ஆனா எல்லையை முதல் ஒழுங்காக் கீறோணும். மாகாணசபைக்கு 2017ல அப்பிடிக் கலப்புமுறையாச் சட்டத்தை மாத்தினவை, 2018ல எல்லை அறிக்கையைப் பாராளுமன்றமே தோக்கடிச்சுது, வடக்கில 2013ல வோட் போட்டது போட்டதுதான்

மாமி: ஓம் அது எங்கட பெரியவளின்ர கலியாண வருசம்

தங்கச்சி: பந்தல் சரிஞ்ச கலியாணம் 😂

சின்னம்மா: அண்ணை, போன வருசத்துப் பேரெல்லாம் படிவத்தில அச்சடிச்சு வந்திருக்கு. முதல் வரியில அம்மான்ர பேர். பேனையை எடுத்து வச்சுக்கொண்டு இருக்கிறன், கீற மனம் வருகுதில்லை

பெரியமாமா: நீ கீறாத. பின்னேரம் நான் வாறன்

கனடா அண்ணா: அப்ப என்ர பேர்?