கடையின் விண்டோஸ் கணினியை வீட்டு உபுண்டுவிலிருந்து இயக்குவது எப்படி?

கேள்வி (நாகர்கோவில்):
வணக்கம். குலசேகரத்தில் உள்ள எங்கள் ரப்பர் ஷீட் கடையின் கணக்கு முழுவதும் விண்டோஸ் 11 ஹோம் கணினியில் இருக்கிறது. வீட்டில் என்னிடம் இருப்பது உபுண்டு 24.04 (லினக்ஸ்) மடிக்கணினி. கடை அடைத்த பிறகு அன்றைய பில்களை வீட்டிலிருந்தே சரிபார்க்க விரும்புகிறேன். தொலைக் கணினியின் திரையை இங்கே காட்டும் ரெம்மினா செயலியில், விண்டோஸின் தொலை இணைப்பு முறையான ஆர்டிபியில் முயன்றால், கடை வைஃபையில் இருக்கும்போதே இணைப்பு கிடைக்கவில்லை. ரவுட்டரில் ஆர்டிபிக்கான 3389 போர்ட்டை (இணைப்பு வாயிலை) வெளியே திறந்துவிட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். அது சரிதானா?

பதில் (தக்கலை):
தயவுசெய்து அந்தப் போர்ட்டைத் திறக்காதீர்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் 3389-ஐத் தேடித் தானியங்கி நிரல்கள் ஓயாமல் உலவுகின்றன. கடவுச்சொல் சிக்கிவிட்டால் கணக்குக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். மேலும், உங்கள் சிக்கலுக்கு அது தீர்வும் அன்று. விண்டோஸ் ஹோமிலிருந்து ஆர்டிபி வழியே பிற கணினிகளுக்குச் செல்லலாமே தவிர, அதற்குள் நுழைய இயலாது. அந்த வசதி புரோ போன்ற உயர் பதிப்புகளில்தான் உண்டு.

புரோவுக்குப் பணம் செலவிட விருப்பமில்லையெனில், கடைக் கணினியில், விஎன்சி என்ற வேறொரு தொலைத்திரை முறைக்கான டைட்விஎன்சி சர்வரை நிறுவி, ரெம்மினாவில் விஎன்சி முறையைத் தேர்ந்து 5900 போர்ட்டில் இணையுங்கள். திரையைப் படமாகவே அனுப்புவதால் சற்று மந்தமாக இருக்கும். நிறத் தரத்தைக் குறைத்தால் பில் பார்க்கத் தாராளமாகப் போதும். ஆனால் அதில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும், திரையில் தெரிவதும் மறையாக்கம் இல்லாமலே பயணிக்கும். ஆகவே வயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன்னுக்குள் (இணையத்தின் வழியே செல்லும் மறையாக்கப்பட்ட தனி இணைப்புக்குள்) மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கடைக்குள் விஎன்சி நன்றாக இயங்குகிறது. வயர்கார்டையும் அமைத்தேன், வீட்டிலிருந்து கடையை எட்ட முடியவில்லை. கடை ரவுட்டர் காட்டும் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது.

பதில் (மார்த்தாண்டம்):
100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது, இணைய நிறுவனம் தன் வாடிக்கையாளர் பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டரை வந்தடையவே அடையாது. இரு கணினிகளிலும் டெயில்ஸ்கேலை நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். அதுவும் வயர்கார்டின் மேல் அமைந்த விபிஎன்தான். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே இணைவதால் சிஜிநாட் தடையாகாது. அது கடைக் கணினிக்குத் தரும் முகவரியை ரெம்மினாவில் இடுங்கள். அந்த முகவரியும் 100 என்றே தொடங்கும், குழம்ப வேண்டாம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் மின்தடையையும் நினைவில் கொள்ள வேண்டும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்கும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்பில்) அமைத்து, விண்டோஸின் உறக்க நிலையை நிறுத்திவிடுங்கள். யாரும் லாகின் செய்யாதபோதும் இயங்குவதற்கான தெரிவு டெயில்ஸ்கேலில் உண்டு. அதை இயக்காவிட்டால், இரவில் கரண்ட் போய் வந்த பிறகு கணினி ஓடிக்கொண்டிருந்தும் உங்களால் உள்ளே செல்ல முடியாது.

வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் தட்டுவதாக இருந்தால், உபுண்டுவின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, கடை விண்டோஸில் மட்டும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றுங்கள். இரண்டிலும் தமிழ் இருந்தால் எழுத்துகள் தாறுமாறாக விழும்.