வீடு விற்கும்போது யாரிடம் அட்வான்ஸ் வாங்குவது: சொந்தப் பணமா, பேங்க் லோனா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

தொடக்கப் பதிவு

80 லட்சம் விலை சொன்ன பழைய பிளாட்டுக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் லோனே இல்லாமல் சொந்தப் பணத்தில் வாங்குவதாகச் சொல்லி 75க்குக் கேட்கிறார். இன்னொருவர் அரசு வங்கி லோன் போட்டு 79 தருகிறார். மூன்றாமவருக்கு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி லோன். சொன்ன விலையையே தரத் தயார். யாரைத் தேர்ந்தெடுப்பது? தொழிலில் இருப்பவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். எங்கே மாட்டுகிறது, ஏன் மாட்டுகிறது என்பது போதும்.

வீட்டுக்கடன் பிரிவு, சென்னை

79, 80 என்ற எண்களைத் தள்ளி வைத்துவிட்டு, லோன் போக அவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ரிசர்வ் வங்கி வரம்புப்படி 30 லட்சம் வரையுள்ள வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் போனால் 75 சதவீதம். பத்திரச் செலவை இந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே 80 லட்சம் வீட்டுக்கு உச்சவரம்பு 64 லட்சம். மீதி 16 லட்சம் அவர் கைப்பணம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அது 7.20 லட்சம். ஆக அவரிடம் 23.20 லட்சம் ரொக்கமில்லாத பணமாக, கணக்கில் இருக்க வேண்டும்.

இது வேல்யூவேஷன் 80க்கே வந்தால்தான். அக்ரிமென்ட் விலை, இன்ஜினியர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கி லோன் கணக்குப் போடும். நீங்கள் மூன்று லட்சம் செலவழித்துப் போட்ட மாடுலர் கிச்சனும் அலமாரியும் பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டில் வராது. கட்டடத்தின் வயது, பிரிபடாத மனைப் பாகம் (பிளாட்டுக்குரிய நிலப் பங்கு), பக்கத்தில் நடந்த கிரயங்கள் இவைதான் வரும். 72 என்று வந்துவிட்டால் லோன் 57.60 லட்சம். அவர் இன்னும் 6.40 லட்சம் தேட வேண்டும், அதாவது மொத்தம் 29.60. பாதியில் நின்றுபோகும் கிரயங்களில் அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான். அப்போது சிலர் பர்சனல் லோன் எடுக்கப் போவார்கள். அந்த இஎம்ஐ சிபில் ரிப்போர்ட்டில் ஏறியதும் வீட்டுக்கடன் தகுதியே குறைந்துவிடும்.

சாங்ஷன் லெட்டர், அதாவது வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் காட்டினால் அதைப் படித்துப் பாருங்கள். சம்பளத்தை மட்டும் பார்த்துக் கொடுத்த லெட்டரில் சொத்து விவரமே இருக்காது, அல்லது லீகல் (பத்திரங்களின் சட்டப் பரிசோதனை), டெக்னிக்கல் (கட்டடப் பரிசோதனை) திருப்தியாக இருந்தால் என்ற நிபந்தனை இருக்கும். உங்கள் கதவு எண்ணும் சர்வே எண்ணும் போட்ட சாங்ஷன்தான் நம்பத் தகுந்தது.

வங்கிகளுக்கு லீகல் ஒப்பினியன் எழுதும் வழக்கறிஞர், கோவை

சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஆளைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பத்திரக் கட்டை எடுத்துப் பாருங்கள். எந்த லோன்காரர் உங்களுக்குச் சரிப்படுவார் என்பதை அந்தக் கட்டுதான் சொல்லும்.

மூலப் பத்திரம் அசலாக இருக்கிறது, 30 வருட வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா உங்கள் பெயரில், சிஎம்டிஏ அல்லது டிடிசிபி (அரசின் கட்டட, மனை அனுமதி அமைப்புகள்) அனுமதி இருக்கிறது, கட்டியது பிளானோடு பொருந்துகிறது என்றால் அரசு வங்கி லோன்காரரைத் தயங்காமல் எடுக்கலாம். நாள் கொஞ்சம் கூடும், ஆனால் பணம் வந்தே தீரும்.

பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் உள்ள தனி வீடு, பிளானில் இல்லாத மாடி, தாய்ப் பத்திரம் தொலைந்து நகல் மட்டும் உள்ள சொத்து, அப்பா இறந்தபின் வாரிசுச் சான்று மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்காமல் விட்டது: இவை அரசு வங்கியின் லீகலில் அடிபடும். இவற்றில் சிலவற்றை ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி கூடுதல் வட்டிக்கு ஏற்கும். அதனால் இப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்றாமவர் நல்ல தேர்வாகலாம். சகோதரி கையெழுத்து விஷயம் மட்டும் விதிவிலக்கு. அதை யார் ஏற்றாலும் நீங்கள் ஏற்காதீர்கள். பின்னால் பாகப்பிரிவினை வழக்கு வந்தால் விற்றவரையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள்.

லீகலுக்குக் கொடுப்பது ஜெராக்ஸ் செட் மட்டும். அசலைப் பார்க்க வேண்டும் என்று வங்கி கேட்டால் கிளைக்கு நீங்களே எடுத்துப் போய்க் காட்டிவிட்டு, கையோடு வாங்கி வாருங்கள்.

ஆவண எழுத்தர், தாம்பரம் பக்கம்

சொந்தப் பணம் என்று வருகிறவரைப் பற்றி யாரும் பேசவில்லையே அண்ணே. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பணம் இப்போது எங்கே இருக்கிறது? ஊரில் நிலம் விற்றதும் வரும் என்றால் அவர் கையில் பணம் இல்லை என்றுதான் அர்த்தம். லோன்காரருக்காவது ஒரு தேதி உண்டு, இவருக்கு அதுவும் கிடையாது. எஃப்டி ரசீதோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ காட்டுகிறாரா பாருங்கள்.

இரண்டாவது, இவர்களில் பலர் வழிகாட்டி மதிப்புக்கு (அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு) பத்திரம் போடலாம், மீதியைக் கையில் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. அட்வான்ஸுக்கும் அதே விதிதான். வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழலாம், அதுவும் வாங்கிய உங்கள் மேல். அந்தப் பணத்தை வைத்து வேறு வீடு வாங்கப் போனாலும் வெள்ளையில் காட்ட முடியாமல் நிற்கும். லோன்காரர் அதிக விலையைப் பத்திரத்தில் போடச் சொல்வது அவர் கடனுக்காக. அது உங்களுக்கும் பாதுகாப்பு.

பதிவு நாளைப் பற்றிச் சொல்கிறேன். வங்கி டிடியில் (டிமாண்ட் டிராஃப்ட்) உங்கள் பெயர் பேங்க் பாஸ்புக்கில் உள்ளது போலவே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னே பின்னே மாறினால் டிடி திரும்பும். கணவன் மனைவி இருவர் பெயரில் சொத்து இருந்தால் யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். டிடி நகலை முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி, எண், தொகை, பெயர் மூன்றையும் பத்திரத்தில் ஏற்றிய பின் டோக்கன் போடுவதுதான் சரி. சில ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் பதிவு முடிந்து ரசீதைக் காட்டினால்தான் பணம் அனுப்புவோம் என்பார்கள். கிரயப் பத்திரத்தில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது பெரிய ஆபத்து. பணம் எந்த நாள், எந்த முறையில் வரும் என்று அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாமவரின் கூடுதல் ஒரு லட்சம் இந்த ஒரு விஷயத்தில் போய்விடலாம்.

கேள்வி

விற்கிற வீட்டின் மேலேயே 22 லட்சம் லோன் பாக்கி இருந்தால்?

வீட்டுக்கடன் பிரிவு, சென்னை

அப்போது வரிசையே மாறும். சொந்தப் பணக்காரர் 75 சொன்னாலும் முன்னுக்கு வருவார். அவர் தரும் பணத்தில் 22 லட்சத்தைக் கட்டி லோனை முடித்துவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கான கட்டணம் கிடையாது. முழுசாகக் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்த 30 நாளை அக்ரிமென்ட் காலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் வங்கி வந்து ரசீது ஆவணம் பதிந்து கொடுத்தால்தான் வில்லங்கத்தில் அது தீர்ந்ததாகத் தெரியும்.

லோன்காரர் என்றால், உங்கள் லோன் இருக்கும் அதே வங்கியில் அவரும் வாங்க முடியுமா என்று கேளுங்கள். பத்திரம் வங்கியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வேறு வங்கி என்றால் அவர்கள் முதலில் உங்கள் வங்கி பெயருக்கு 22 லட்சம் டிடி தர வேண்டும். கையில் பத்திரம் வராமல் பணம் தர எல்லா வங்கியும் சம்மதிக்காது. உங்கள் வங்கியிடம் பாக்கித் தொகை ஸ்டேட்மென்டும், அவர்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்கிக் கொடுத்தால்தான் பேச்சே தொடங்கும். ஸ்டேட்மென்டில் செல்லுபடியாகும் தேதி இருக்கும். பதிவு நான்கு நாள் தள்ளினால் நாள் வட்டி ஏறி, டிடி சில ஆயிரம் குறையும், லோன் மூடாது. பத்து நாள் வட்டியைச் சேர்த்தே டிடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆடிட்டர், திருச்சி

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். 80 லட்சத்துக்கு 80,000 ரூபாய். லோன்காரரிடம் இதை அவர் கைப்பணத்திலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். வங்கி டிடியில் குறைத்தால் கணக்கு குழம்பும். உங்கள் பான் எண் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம், அதாவது 16 லட்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் வருமான வரித் தளத்தில் பான் நிலையைப் பார்த்துவிடுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரில் சொத்து இருந்தால் இருவர் பானையும்.

வங்கிகளுக்கு லீகல் ஒப்பினியன் எழுதும் வழக்கறிஞர், கோவை

அக்ரிமென்ட் பற்றிக் கேட்டு உள்பெட்டியில் இருவர் எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். பதிந்தது வில்லங்கத்தில் ஏறும். ரத்து செய்ய இருவரும் வந்து கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் கோர்ட். ஆகவே லோன் உறுதியாகாத ஆளோடு நீண்ட காலத்துக்குப் பதிந்துவிட்டால், அவர் வராமல் போனாலும் அடுத்தவருக்கு விற்க முடியாமல் வீடு மாட்டிக்கொள்ளும். முதலில் ஜெராக்ஸ் செட்டைக் கொடுத்து லீகலும் வேல்யூவேஷனும் முடிக்கச் சொல்லுங்கள், பிறகு பதியுங்கள். எந்த வங்கி, எவ்வளவு லோன், எந்தத் தேதிக்குள் சாங்ஷன், வராவிட்டால் அட்வான்ஸில் எவ்வளவு எத்தனை நாளில் திரும்பும், வேல்யூவேஷன் குறைந்தால் வித்தியாசத்தை யார் போடுவது, எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்கள். கடைசி வரியைப் போட மறுக்கிறவர் 80 சொன்னாலும், 79க்காரரோடு போங்கள்.