வளையச் சுருளின் நடுவில் காந்தப்புலம் பூச்சியமாக வரவில்லை: கோட் பிழையா?

கொக்குவில்_மாணவன்:
வணக்கம். செயற்றிட்டத்துக்காக வளையச் சுருள் ஒன்றை (வட்டமாக வளைத்த குழாயின் மேல் கம்பி சுற்றியது) பைதன் கணினி நிரலில் (கோட்) வரைந்து, கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தரும் காந்தப்புலத்தைக் கூட்டும் பயோ-சாவா விதியால் புலம் கணிக்கிறேன். பெரிய ஆரை 5 செ.மீ., குழாயின் ஆரை 1 செ.மீ., 200 சுற்று, 1 அம்பியர். கம்பி முழுவதுக்கும் 1000 புள்ளிகள். குழாய்க்குள் 0.8 மில்லிடெஸ்லா வருகிறது, அது சரி. ஆனால் வளையத்தின் நட்டநடுவில் 12.5 மைக்ரோடெஸ்லா அளவில் நிற்கிறது. புத்தகத்தில் குழாய்க்கு வெளியே பூச்சியம் என்றுதானே இருக்கிறது? எங்கே பிழை?

பனங்கூடல்:
புள்ளிகள் போதாது தம்பி. சுற்றுக்கு 5 புள்ளி என்றால் உங்கள் சுருள் வட்டமில்லை, ஐங்கோணம். சுற்றுக்கு 40 வைத்துப் பாருங்கள்.

கொக்குவில்_மாணவன்:
பார்த்தேன் அண்ணா. கம்பிக்குப் பக்கத்தில் புலம் ஒழுங்காகிவிட்டது. நடுவில் மட்டும் அசையவே இல்லை.

வைண்டிங்_அக்கா:
அசையாது தம்பி, அது உண்மையான புலம். உங்கள் கோட் சரி.

புத்தகத்துச் சுருள் தனித்தனியான 200 மூடிய வளையங்கள். நீங்கள் வரைந்தது ஒரே கம்பி. அது குழாயைச் சுற்றிக்கொண்டே முன்னே நகர்ந்து, கடைசியில் பெரிய வட்டத்தையும் ஒரு தடவை சுற்றி முடிக்கிறது. அதனால் தூரத்தில் இருந்து பார்த்தால் 1 அம்பியர் ஓடும் ஒற்றை வளையம்தான். அதன் நடுப்புலம், மியூ-பூச்சியம் என்ற காந்த மாறிலியை மின்னோட்டத்தால் பெருக்கி ஆரையின் இரு மடங்கால் வகுத்தால் 12.57 மைக்ரோடெஸ்லா. உங்களுக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதேதான். 1000 சுற்று போட்டாலும் இது குறையாது.

போக்க இரண்டு வழி. ஒன்று, கம்பியின் முனையைக் குழாயின் நடுவழியாகவே திருப்பிக் கொண்டுவருவது. மின்னோட்டம் அளக்கும் ரொகோவ்ஸ்கி சுருளில் செய்வது இதுதான். ஆனால் அந்தத் திரும்பு கம்பியிலிருந்து 5 மி.மீ. தள்ளி 40 மைக்ரோடெஸ்லா இருக்கும், குழாய்க்குள் புலக்கோடுகள் முறுகும். எனக்குப் பிடித்தது இரண்டாவது: 100 சுற்று முன்னே போய், அடுத்த அடுக்கு 100 சுற்றாகப் பின்னே வருவது. கோட்டில் பெரிய வட்டக் கோணம் 360 பாகையிலிருந்து பூச்சியத்துக்கு இறங்க வேண்டும், குழாயைச் சுற்றும் கோணம் கூடிக்கொண்டே போக வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் உள்ளே இருக்கும் புலமும் போய்விடும், கவனம்.

பனங்கூடல்:
ஓம், அக்கா சொல்வது சரி. கையாலும் பார்க்கலாம். ஹோஸ் பைப் துண்டை வளைத்து, மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் கம்பி வாங்கி முதலில் ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். வளையத்தைப் போனின் மேல், காந்த உணரி இருக்கும் இடம் நடுவில் வரும்படி கிடத்துங்கள். யாழ்ப்பாணம் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் பூமியின் புலம், ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, கிட்டத்தட்டக் கிடையாகவே இருக்கிறது. உங்கள் சுருளின் நடுப்புலமோ நிலைக்குத்து. மின்னோட்டத்தைத் திசை மாற்றினால் நிலைக்குத்து அளவீடு 25 மைக்ரோடெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவாக மாறும்.

கொக்குவில்_மாணவன்:
இரண்டு அடுக்கைக் கோட்டில் போட்டேன். நடுவில் புலம் அநேகமாக இல்லை, குழாய்க்குள் அதே 0.8. நன்றி அக்கா, அண்ணா. அடுத்த அடுக்கைச் சுற்றும்போது முதல் அடுக்கின் மேல் ரேப் (ஒட்டுநாடா) ஒட்ட வேண்டுமா?

வைண்டிங்_அக்கா:
ஒட்டுங்கள். கம்பிகள் குறுக்கே ஏறும் இடத்தில் எனாமல் உரசிப் போகும்.