ஓவன் கதவு சரியாக மூடவில்லை: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

பீனிக்ஸ் மருமகள்

தீபாவளி பிஸ்கெட் சுடும் நேரம் பார்த்து ஓவன் மக்கர் செய்கிறது. கதவின் மேல்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கிறது. கையால் அழுத்தினால் மூடுகிறது, விட்டால் மெல்லத் திறந்துகொள்கிறது. நெய் பிஸ்கெட் முன்வரிசையில் வெளுத்துக் கிடக்கிறது, பின்வரிசையில் கருகுகிறது. மாமியார் கதவுக்கு ஒரு நாற்காலியை அண்டைக் கொடுத்துச் சுடச் சொல்கிறார். ஓரத்து ரப்பரை மாற்றினால் போதுமா? யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சொல்லுங்கள்.

மியர்பேங்க் ஸ்பானர்

தங்கச்சி, ரப்பர் வாங்கக் கிளம்ப வேண்டாம். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பன் நகரத்தில் அடுப்பு, ஓவன் பழுதுபார்த்தே பிழைத்தவன் நான். நீங்கள் சொல்வதைக் கேட்டால் கீல் போலத்தான் தெரிகிறது. கதவை இழுத்துப் பிடிப்பது ரப்பரின் வேலை இல்லை. மூடிய கதவுக்கும் ஓவனின் உடம்புக்கும் நடுவே மிஞ்சும் சின்ன இடுக்கை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. கதவை உள்ளே இழுப்பது கீழே இரண்டு பக்கமும் இருக்கும் கீலும் அதன் ஸ்பிரிங்கும். கையை விட்டதும் கதவு விலகுகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் கீலின் கை வளைந்திருக்கும்.

ஓவன் ஆறியிருக்கும்போது பாருங்கள். கதவைப் பாதி திறந்து, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். தொப்பென்று விழுந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. பிறகு மூடிவிட்டு இடுக்கைக் கவனியுங்கள். மேலே இரண்டு மூலையும் ஒரே அளவு விலகியிருந்தால் இரண்டு கீலும் சோர்ந்துவிட்டன. ஒரு மூலை மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் கீலை முதலில் சந்தேகப்படுங்கள்.

நம் வீடுகளில் கீலைக் கொல்வது பிரியாணி. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டர்பன் பிரியாணியை அரிசி, பருப்பு, மசாலா என்று அடுக்கி, வாயை ஃபாயிலால் மூடி, கடைசித் தம்முக்கு ஓவனில்தானே வைக்கிறோம். வெந்ததா என்று பார்க்க அந்தப் பெரிய பானையை முழுக்க வெளியே எடுக்க யாருக்கும் மனம் வராது. கதவைத் திறந்து, பானையை அதன் மேலேயே இழுத்து வைத்து, கரண்டியை விட்டுக் கிளறுவார்கள். நிறைந்த பானையின் பாரம் முழுவதும் கதவின் நுனியில் இறங்கும், கீல் வளையும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மறுநாள் வரும் அழைப்புகளில் பாதி இதுதான். மேல் அலமாரியில் இருப்பதை எடுக்கப் பிள்ளைகள் கதவில் ஏறி நிற்பதும் உண்டு.

சாட்ஸ்வர்த் அண்ணாச்சி

எங்கள் வீட்டில் கீலும் இல்லை, ரப்பரும் இல்லை. கம்பித் தட்டைக் கழுவிவிட்டு முன்பின் மாற்றிச் செருகியிருந்தார்கள். அது கடைசி வரை உள்ளே போகாமல் கதவை இடித்துக்கொண்டிருந்தது. ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் தட்டையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு ஒருமுறை மூடிப் பாருங்கள்.

டோங்காட் பேத்தி

ஸ்பானர் அண்ணா, எல்லாப் பழியையும் கீல் மேல் போட்டுவிட முடியாது. எங்கள் ஓவனில் கதவு இழுத்து மூடும், ஆனாலும் ஒரு மூலையில் சூடு அடிக்கும். ரப்பரின் நான்கு மூலையிலும் சின்னக் கம்பிக் கொக்கி இருக்கும், அது உடம்பில் இருக்கும் துளையில் மாட்டிக்கொள்ளும். எங்களுடையதில் ஒரு கொக்கி கழன்று, அந்த இடத்தில் ரப்பர் சுருண்டு தடித்திருந்தது. மறுபடி மாட்டியதும் சரியாகிவிட்டது.

ஒரு துண்டுக் காகிதம் போதும், சோதித்துவிடலாம். ஆறிய ஓவனில் காகிதத்தை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது பிடிப்பு தெரிய வேண்டும். தடையே இல்லாமல் வந்தால் அந்த இடம் ஒட்டவில்லை. சுற்றிலும் இப்படியே பார்த்துக்கொண்டு போனால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. சில ஓவன்களில் ரப்பர் மூன்று பக்கம்தான் வரும், அடிப்பக்கம் வெறுமையாகவே விட்டிருப்பார்கள். அது தெரியாமல் எங்கள் அத்தான், "இங்கே ரப்பர் விழுந்துவிட்டது" என்று குளியலறை ஓட்டைக்கு அடிக்கும் சிலிக்கானை வாங்கிவந்து அப்பிவிட்டார். அடுத்த தடவை ஓவன் போட்டபோது வந்த நாற்றத்தில் எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம்.

உம்லாங்கா வாடகைக்காரர்

கடலுக்கு எதிரே ஃபிளாட். இங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கீல் துருப்பிடித்து இறுகி, கதவு பாதியில் நின்றது. சாதாரண எண்ணெய் விடலாம் என்று நினைப்பவர்களுக்கு: சூடேறினால் அது புகையும், வாசனை சாப்பாட்டில் ஏறும். நான் வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவர் ஆளை அனுப்பிக் கீலை மாற்றினார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தாங்களே கழற்றாமல் முதலில் எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

லெனேசியா அம்மா

எங்கள் ஓவன் கதவு கசிவதைக் காட்டிக்கொடுத்ததே மின்வெட்டு. 2023இல் ஜோகன்னஸ்பர்க்கில் பட்ட பாடு உங்களுக்கும் தெரியும். கரண்ட் போகும் நேரத்துக்கு முன்பே சமைத்து, சூடான ஓவனுக்குள் சட்டியை வைத்து மூடிவிடுவேன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கரண்ட் திரும்பும் வரை சோறு சூடாக இருக்கும், எங்களுக்கு மட்டும் ஆறிப்போகும். ஒருநாள் இரவு விளக்கில்லாத அடுக்களையில் டார்ச்சை எரியவிட்டு ஆறிய ஓவனுக்குள் வைத்து மூடினார் என் கணவர். இடது பக்கம் மேலிருந்து கீழே ஒரு கோடாக வெளிச்சம் வந்தது. கதவின் உள்பக்கத் தகட்டில் ஸ்க்ரூ தளர்ந்து, கண்ணாடியோடு சேர்ந்து தகடு சரிந்திருந்தது. முறுக்கியதும் சரியானது. கண்ணாடியைத் தாங்கும் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது, கண்ணாடி வெடிக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு செய்தார்.

குளிர்காலத்தில் ஓவனைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்து அடுக்களையைச் சூடாக்கும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. மேலே இருக்கும், சூட்டைத் திருகி வைக்கும் குமிழெல்லாம் உருகிப்போன வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கதவு கசிந்தாலும் அதே சூடுதான் குமிழ் மேல் அடிக்கிறது. அதனால், மகளே, நாற்காலி யோசனை வேண்டாம்.

பீனிக்ஸ் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. தட்டை எடுத்துவிட்டும் மூடவில்லை. காகிதம் வைத்துப் பார்த்தேன், வலது மேல்மூலையில் பிடிப்பே இல்லை, வலது கீல் கண்ணுக்கே வளைந்து தெரிகிறது. பிரியாணிப் பானை விஷயத்தை மாமியாரிடம் கேட்டேன், பதில் வரவில்லை. இன்னொரு சந்தேகம்: கதவுக்கும் குமிழ் பலகைக்கும் நடுவிலிருந்து காற்று ஊதுகிறதே, அதுவும் கசிவா?

மியர்பேங்க் ஸ்பானர்

அது கசிவு இல்லை. சுவரோடு பதித்த ஓவன்களில் குமிழும் வயரும் சூடாகாமல் இருக்க ஒரு ஃபேன் ஓடும், அதன் காற்று அந்த வழியாகத்தான் வரும். ஓவனை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும்.

ஒரு பக்கம்தான் வளைந்திருக்கிறது என்றாலும் கீலை ஜோடியாகவே மாற்றுங்கள். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கம், புதியது மறுபக்கம் என்றால் கதவு கோணலாகவே நிற்கும். கதவைத் திறந்தால் உடம்பின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் தெரியும், அதிலிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கழற்றும் முன் சுவரில் இருக்கும் ஓவன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கதவை முழுக்கத் திறந்து, இரண்டு கீலிலும் இருக்கும் சின்னக் கொண்டியை மடக்குங்கள். பெரும்பாலான ஓவன்களில் அப்புறம் கதவைப் பாதிக்கு மேல் மூடி, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி இழுத்தால் வந்துவிடும். கதவு கனமாக இருக்கும், உதவிக்கு ஒரு ஆள் இருக்கட்டும். கொண்டி சரியாக மடங்காமல் கதவைப் பிடுங்கினால் கீல் எலிப்பொறி மாதிரி மூடும், விரல் தப்பாது. கழற்றிய கதவைத் தரையில் மடித்த போர்வை மேல் படுக்க வையுங்கள். மூலையை டைல்ஸில் இடித்தால் கண்ணாடி பொடியாகிவிடும்.

திரும்ப மாட்டும்போது கீலில் இருக்கும் வெட்டுப் பள்ளம் ஓவன் உடம்பின் விளிம்பில் போய் உட்கார வேண்டும். கதவை முழுக்கத் திறந்து கொண்டியைப் பழையபடி திருப்புங்கள். அதை மறந்தால் புதுக் கீல் போட்டும் கதவு மூடாது. அப்புறம் கடையில் தவறான பாகம் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவீர்கள்.

பீனிக்ஸ் மருமகள்

சரி அண்ணா. சனிக்கிழமை கொழுந்தனார் வருகிறார், அவரோடு சேர்ந்து மாற்றிவிட்டு எழுதுகிறேன். அதுவரை பிஸ்கெட் மாவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.