டயப்பர் மாற்றும் மேசை வாங்கவா, ஆசாரியை வைத்து டிராயர் அலமாரி செய்யவா? கடலோர வீடு, ஈரச் சுவர் – யோசனை சொல்லுங்கள்

மணவாளக்குறிச்சி மகள்:
எனக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. கடற்கரை இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். பழைய ஓட்டு வீட்டை ஒட்டி அப்பா எடுத்துக் கட்டின கான்கிரீட் அறையை எனக்கும் குழந்தைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை. ஒரு கட்டில் கிடக்கிறது, தொட்டில் கட்ட மேலே கொக்கி இருக்கிறது. மிச்ச இடத்தில்தான் குழந்தையின் சாமான் எல்லாம் அடங்க வேண்டும்.

கவலை மேற்குச் சுவர்தான். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு ஈரம் ஏறும், பூச்சு பொரிந்து உதிரும். அந்தச் சுவரோரம் நின்ற இரும்பு பீரோவின் அடித்தகடு உப்புக்காற்றில் துருப்பிடித்து, விரலால் குத்தினாலே பொடிகிறது. மேல்தட்டில் வைத்திருந்த என் கல்யாணப் புடவையின் மடிப்பிலும் பூசணம். பெரியவர்கள் துணிக்கே இந்தக் கதி என்றால் குழந்தைத் துணியை எங்கே வைப்பது?

அவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். ஆன்லைனில் டயப்பர் மாற்றும் மேசை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்: மேலே மெத்தை, கீழே இரண்டு திறந்த தட்டு, மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை. அப்பா, ஆசாரியைக் கூப்பிட்டு நல்ல மரத்தில் டிராயர் அலமாரி செய்துவிடலாம் என்கிறார். அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம். “பாயை விரிச்சுப் போட்டுத் துணி மாத்தினா போதாதா, உங்களை எல்லாம் அப்படித்தானே வளத்தோம்” என்கிறாள். சிசேரியன் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், குனிந்து நிமிர முடியுமா என்பதுதான் எனக்குப் பயம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல் அக்கா:
தங்கச்சி, தனியாக ஒரு மேசை வாங்காதே. குழந்தை நன்றாகப் புரள ஆரம்பித்த பிறகு அதை மேலே கிடத்தவே பயமாக இருக்கும், அப்புறம் மேசை மூலையில் கிடக்கும். அப்பா சொல்கிற அலமாரிதான் சரி. மூன்று டிராயர் வை. மேலே நான்கு பக்கமும் விளிம்பு வைத்த ஒரு மரத்தட்டை ஸ்குரூ போட்டுப் பொருத்து. ஒன்றிரண்டு வருஷம் கழித்துத் தட்டைக் கழற்றிவிட்டால் அது பிள்ளையின் துணி அலமாரி, பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் உதவும்.

உயரத்தை மட்டும் கடையில் சொல்கிற அளவில் வைக்காதே. நேராக நின்று முழங்கையை மடக்கு. குழந்தை படுக்கிற இடம் முழங்கைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். தட்டு, மெத்தை இரண்டின் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போடு. நம் வீடுகளில் அடுப்புத் திட்டை உயரமாகக் கட்டிவிட்டு, பெண்கள் தோள்வலியோடு சமைக்கிறோம் இல்லையா, அந்தத் தொல்லை இதிலும் வேண்டாம். சிசேரியன் ஆனால் முதல் சில வாரம் இந்த உயரம்தான் உன்னைக் காப்பாற்றும். எனக்கு இரண்டு பிரசவமும் ஆபரேஷன்தான், தரையிலிருந்து எழுவதுதான் பெரும்பாடு.

அதற்காக அம்மா சொல்கிற பாயை ஒதுக்கிவிடாதே. அம்மாவோ பாட்டியோ மாற்றும்போது தரையே நல்லது. பழைய வேட்டியைக் கிழித்து ஒரு கட்டு வைத்துக்கொள், ரப்பர் ஷீட்டுக்கு மேல் விரிக்க அதைவிட இதமான துணி கிடையாது.

தக்கலை மரவேலை:
தொழில்காரன் என்பதால் மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடல் பக்கம், ஈரச் சுவர், வருஷத்தில் இரண்டு மழைக்காலம். இந்த இடத்தில் எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு இரண்டும் வேண்டாம். முன்பக்கம் வழவழவென்று இருக்கும், ஸ்குரூ போட்ட துளை வழியாகவும் அடி ஓரம் வழியாகவும் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். உப்பிய பலகையில் ஸ்குரூ பிடிக்காது. குழந்தையைக் கிடத்துகிற சாமானில் ஸ்குரூ ஆடக் கூடாது. இன்னொன்று, இந்தப் பலகைகளை ஒட்டுகிற பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். புதுச் சாமானைப் பிரித்ததும் கண் எரிகிறதே, அதற்கு அதுவும் ஒரு காரணம். சின்ன அறையில், ஜன்னலை மூடி வைத்து, பச்சைப் பிள்ளையோடு படுக்கிற இடத்தில் அது எதற்கு?

பிளைவுட் என்றால் பலகையில் ஐஎஸ் 710 என்கிற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கொதிநீரைத் தாங்குகிற மரைன் ரகம் அதுதான். ஐஎஸ் 303 என்று போட்டிருப்பது சாதாரண உள்வேலைக்கு, உங்கள் சுவருக்கு ஆகாது. மரம் என்றால் நம்மூர் அயனிக்கு முதலிடம் கொடுப்பேன். கேரளத்துக்காரர்கள் ஆஞ்சிலி என்பார்கள், வள்ளம் செய்கிற மரம். வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் லேசில் தொடாது. வெள்ளைப் பகுதி கலந்து வந்தால் அதை மட்டும் தின்றுவிடும், அதனால் அறுக்கும்போது கூட நின்று பாருங்கள். ரப்பர் மரம் மலிவு, ஆனால் மருந்தேற்றி முறையாகக் காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நீலம் பாய்ந்து வண்டு துளைக்கும்.

எந்த மரமானாலும் பச்சையாக அறுத்ததை வாங்காதீர்கள். காயக் காய வளையும், டிராயர் மாட்டிக்கொள்ளும். வீட்டில் பழைய மரம் ஏதும் கிடக்கிறதா?

மணவாளக்குறிச்சி மகள்:
இருக்கிறது அண்ணா. ஓட்டு வீட்டில் ஒரு பக்கம் இடித்தபோது எடுத்த அயனி உத்தரம் நான்கு, பச்சை பெயிண்ட் அடித்த பழைய கதவு இரண்டு, எல்லாம் மாட்டுத்தொழுவத்தில் அடுக்கிக் கிடக்கிறது. இரண்டையும் எடுக்கலாமா?

தக்கலை மரவேலை:
உத்தரம் போதும், கதவைத் தொடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல்தான் விதி வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். கதவைச் சுரண்டித் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பறக்கும். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அந்த வேலை கூடவே கூடாது. உத்தரத்தில் ஆணி இருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்கிவிட்டு மில்லுக்கு அனுப்புங்கள். அத்தனை வருஷம் கூரையில் காய்ந்த மரம் இனி வளையாது. பாலிஷ் வேலையை இந்த மாதத்திலேயே முடித்து, வாசனை போகிற வரை வராந்தாவில் காற்றாட வையுங்கள்.

ஷார்ஜா – இரணியல்:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. அலமாரியைச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும். பிள்ளை எழுந்து நிற்கிற வயதில் கீழ் டிராயரை இழுத்து அதில் கால் வைத்து ஏறும், அலமாரி மொத்தமும் மேலே சாயும். குழந்தைகள் இப்படி இறந்ததால்தான் 2016-ல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. மரம் கனமாக இருந்தால் சாயாது என்று நினைக்காதீர்கள், கனமான மரம் விழுந்தால் அடி இன்னும் பலம்.

மணவாளக்குறிச்சி மகள்:
அங்கேதான் இடிக்கிறது அண்ணா. ஈரத்துக்காகச் சுவரை விட்டுத் தள்ளி வை என்று எல்லாரும் சொல்கிறார்கள், நீங்கள் சுவரோடு பிணை என்கிறீர்கள்.

தக்கலை மரவேலை:
இரண்டையும் செய்யலாம். முதலில், மேற்குச் சுவரை விட்டுவிட்டு உள்பக்கச் சுவருக்கு மாறுங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு அங்குலக் கட்டை ஒன்றைப் படுக்கவைத்து, கட்டையைச் சுவரில் முடுக்கி, அலமாரியின் மேல் சட்டத்தை அந்தக் கட்டையோடு எல் வடிவத் தகடு போட்டுப் பிடியுங்கள். பின்னால் காற்று ஓடும், அலமாரியும் அசையாது. துளை செங்கலுக்குள் போக வேண்டும், வெறும் பூச்சில் நின்றால் பிடி இருக்காது. தகடும் ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அடியில் நான்கு அங்குலக் கால் வைத்தால் தரை ஈரமும் ஏறாது, துடைப்பமும் உள்ளே போகும்.

குழித்துறை நர்ஸ்:
மக்களே, பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன், இரண்டு விஷயத்தைக் கவனமாகக் கேள்.

பூசணத்துக்குப் பயந்து குழந்தைத் துணிக்குள் பாச்சை உருண்டை போடாதே. அதில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்கிற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு வைத்த துணியை உடுத்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். உன் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. பீரோவில் ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த பீரோவில் குழந்தைத் துணியை வைக்கவே வேண்டாம். யாராவது பழைய குழந்தைச் சட்டை, கம்பளி கொண்டுவந்து தந்தால் முகர்ந்து பார். அந்த வாசனை இருந்தால் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் போட்ட பிறகுதான் உடுத்த வேண்டும். ஈரத்துக்கு, சின்னத் துணிப்பையில் அடுப்புக்கரி கட்டி டிராயரின் பின்மூலையில் வை, போதும். மழைநாளில் துணி முழுக்கக் காயாது. ஃபேனுக்கடியில் போட்டு, இஸ்திரி தேய்த்து, சூடு ஆறிய பிறகு மடித்து வை. பாதி ஈரத்தோடு டிராயரில் போனால் எந்த மரமும் உன்னைக் காப்பாற்றாது.

அடுத்தது தட்டின் விளிம்பு. நான்கு பக்கமும் இரண்டு அங்குலமாவது வேண்டும், அதை மெத்தைக்கு மேலே அளக்க வேண்டும். கனமான மெத்தையைப் போட்டு விளிம்பை மூடிவிட்டால் விளிம்பு வைத்த பலனே இல்லை. பிள்ளையைக் கட்டுகிற வார் இருந்தாலும் அதை நம்பி விடாதே, ஒரு கை எப்போதும் பிள்ளை மேலே இருக்கட்டும். இன்னும் புரளவில்லையே என்று நினைக்கிற நாளில்தான் முதல் தடவை புரளும். அதனால் டயப்பர், துடைக்கும் துணி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் மேல் டிராயரிலோ கை எட்டும் தட்டிலோ இருக்க வேண்டும். பவுடர், எண்ணெய், கிரீம் பிள்ளையின் கைக்கு எட்டாத பக்கம். எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று திரும்புவதானால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு திரும்பு.

மணவாளக்குறிச்சி மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ் அக்கா சொன்னதும் போய்ப் பார்த்தேன், பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் பாச்சை உருண்டை கிடக்கிறது. அம்மா அதில்தான் குழந்தைக்குத் தைத்த சட்டைகளை மடித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து ஊறவைத்தாச்சு.

ஆன்லைன் மேசை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உத்தரத்தை அறுக்க அப்பா ஏற்பாடு செய்கிறார். மூன்று டிராயர், மேலே தட்டு, அடியில் கால், உள்சுவரில் கட்டை. பாயும் இருக்கும், அது அம்மாவுக்கு. கடைசியாக ஒரு சந்தேகம்: டிராயருக்கு இரும்பு சேனல் போடலாம் என்கிறார் ஆசாரி. பீரோ துருப்பிடித்ததைப் பார்த்த பிறகு யோசனையாக இருக்கிறது. மரச்சட்டத்திலேயே ஓடவிட்டால் மழையில் இறுகாதா?

தக்கலை மரவேலை:
கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் மரச்சட்டமே நல்லது. இரண்டு பக்கமும் நூல் கணக்கில் கொஞ்சம் இடம் விட்டுச் செய்யச் சொல்லுங்கள். சட்டத்தின் மேல் வெள்ளை மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு தடவை டிராயரை வெளியே உருவித் திரும்பத் தேயுங்கள். எண்ணெய் போட வேண்டாம், தூசி ஒட்டும், எறும்பும் வரும். டிராயர் முழுக்க வெளியே வந்து விழாமல் பின்னால் ஒரு தடுப்புக் கட்டை வைக்கவும் மறக்காமல் சொல்லுங்கள்.