கைப்பட்டை கட்ட மறுக்கும் மகன்: பூங்கா வாசலைத் தாண்ட யோசனை சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது, ஆட்டிசம். பேச்சு குறைவு, ஆனால் கொமுட்டர் ரயில் நிலையங்களின் பெயரை வரிசை மாறாமல் சொல்வான். பள்ளி விடுமுறையில் சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். கேஎல் சென்ட்ரலில் ஏறி, செத்தியா ஜெயாவில் இறங்கி, பிஆர்டி (தனிப்பாதையில் ஓடும்) பஸ் பிடிக்க வேண்டும். பயணம் அவனுக்குக் கொண்டாட்டம்தான். சிக்கல் வாசலில்.

போன வருடம் வேறொரு பூங்காவில் 40 நிமிடம் வரிசையில் நின்றோம். பையைச் சோதித்தவர் அவனுடைய நீலத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஓரமாக வைத்ததுதான் தாமதம், காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் நுழைவுச் சீட்டாகக் கையில் ஒட்டும் காகிதக் கைப்பட்டை. ஒட்டிய வேகத்தில் கடித்துக் கிழித்தான். ‘பிள்ளை வளர்க்கும் லட்சணம்’ என்று பின்னால் ஒரு குரல். உள்ளே போகாமலே திரும்பினோம்.

சமூகநல இலாகா தந்த ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை இருக்கிறது, கற்றல் குறைபாட்டுப் பிரிவில். கட்டணக் கழிவு கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. காத்திருக்காமல் நுழைய வழி வேண்டும். அட்டையை முகப்பில் காட்டினால் போதுமா, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமா? கைப்பட்டையைக் கணுக்காலில் கட்ட விடுவார்களா?

வீட்டில் தினமும் ரிப்பன் கட்டிப் பழக்குகிறேன். நேற்று 5 நிமிடம் தாங்கினான். வரிசை, பை, கைப்பட்டை, தண்ணீர் என்று நான்கு படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன் (என் ஓவியத்தில் காவலர் பூதம் மாதிரி இருக்கிறார், அது வேறு கதை). இதே மாதிரிப் பிள்ளையைக் கூட்டிப் போன அக்கா, அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்றும் தெரிந்தால் நல்லது.